ஈயம் இல்லாத வெளிச்சம்: யூரல் மலைக் கல் ஒன்றின் கதை

2018 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் 'நேச்சர்' விஞ்ஞான சஞ்சிகையில் ஐந்து பக்கக் கட்டுரையொன்று வெளியாகியது. சீனாவின் வூஹான் நகரிலுள்ள ஹுவாசோங் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியாங் தாங் என்பவரின் ஆய்வுக்குழு, பிற நாட்டு ஆய்வாளர்கள் சிலருடன் சேர்ந்து அதனை எழுதியிருந்தது. தாம் உருவாக்கிய பளிங்குத் தூள் ஒன்று கண்ணுக்குப் புலப்படாத கழியூதாக் கதிரை உள்வாங்கி, இதமான வெண்ணிற ஒளியை உமிழ்கின்றது என்று அவர்கள் அறிவித்தார்கள். உள்வாங்கப்படும் ஒளித்துணிக்கைகள் நூற்றில் ஏறத்தாழ 86 வெளிச்சமாகவே திரும்பி வந்தன என்றும், 1,000 மணித்தியாலங்களுக்கு மேலாக அது தொழிற்பட்டது என்றும் கட்டுரை கூறியது.

நாளிதழ்களின் முன்பக்கத்துக்குரிய செய்தியல்ல அது. ஓராண்டு கழிந்து வூஹான் என்ற பெயர் உலகம் முழுவதற்கும் தெரியவந்தது. அது வேறு காரணத்தால். ஆனால் அக்கட்டுரையின் தலைப்பில் இடம்பெற்றிருந்த 'ஈயம் இல்லாத' என்ற சொற்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. விளக்குக்குள் ஈயத்தை வைக்க எண்ணியவர் யார்? வைக்கக்கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் எதற்காகப் பிடிக்கின்றார்கள்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை ரஷ்யாவின் யூரல் மலையில் ஆரம்பிக்கின்றது. அங்கே கிடைத்த கரிய, மினுமினுப்பான கனிமம் ஒன்று பேர்லின் நகரத்துக் கனிமவியலாளர் குஸ்தாவ் றோஸ் என்பவரின் கைக்கு வந்தது. 1829 இல் ஹம்போல்ட்டுடன் ரஷ்யா முழுவதும் பயணம் செய்தவர் இந்த றோஸ். 1839 இல் அவர் அக்கனிமத்தை ஆராய்ந்து, அது கல்சியமும் தைத்தானியமும் ஒட்சிசனும் சேர்ந்த புதியதொரு சேர்வை எனக் கண்டு, கனிமங்கள் சேகரிப்பதில் பேரார்வம் கொண்டிருந்த ரஷ்யப் பிரபு லெவ் பெரொவ்ஸ்கியின் பெயரால் அதற்குப் 'பெரொவ்ஸ்கைற்று' என்று பெயரிட்டார். பெரொவ்ஸ்கி பின்னர் சார் மன்னனின் உள்துறை அமைச்சராக இருந்தவர். அவருடைய சகோதரரின் பேத்தியான சோபியா பெரொவ்ஸ்கயா, 1881 இல் சார் மன்னன் இரண்டாம் அலெக்சாந்தரைக் கொன்ற சதியில் பங்கேற்றுத் தூக்குமேடை ஏறினார். ஒரே குடும்பப் பெயர் பளிங்குக்கும் புரட்சிக்கும் சொந்தமான விந்தை இது. நமது கதைக்கு அதற்குமேல் அதில் தொடர்பில்லை.

ஒரு நூற்றாண்டு காலம் அந்தக் கல் அருங்காட்சியகப் பொருளாகவே இருந்தது. அதன் உள்ளமைப்பைப் பற்றி 1926 இல் கோல்ட்ஷ்மித் எழுதினார். 1945 இல் ஹெலன் மெகோ என்ற அயர்லாந்துப் பெண் விஞ்ஞானி, அதே வகையைச் சேர்ந்த பேரியம் தைத்தனேற்றை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்து அந்த அமைப்பைத் துல்லியமாக வெளியிட்டார். அவர் அப்பொழுது பணியாற்றியது இங்கிலாந்திலிருந்த பிலிப்ஸ் மின்விளக்கு நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் என்பது ஒரு சுவையான தற்செயல். விளக்குக்கும் இந்தப் பளிங்குக்கும் அக்காலத்தில் எவ்விதச் சம்பந்தமும் இருக்கவில்லை.

அந்த அமைப்பை இப்படிக் கற்பனை செய்துகொள்ளலாம். எட்டு முகங்கள் கொண்ட சிறு கூடுகள் மூலைக்கு மூலை தொட்டபடி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கூட்டின் நடுவிலும் ஓர் உலோக அயன். கூடுகளுக்கு இடையே எஞ்சும் வெளியில் பருத்த வேறோர் அயன் குடியிருக்கின்றது. வீடு ஒன்று, குடியிருப்போர் மாறலாம். அளவும் மின்னேற்றமும் பொருந்தினால் எந்த மூலகமும் அங்கே குடிபுகலாம். ஆகவே பெரொவ்ஸ்கைற்று என்பது இன்று ஒரு கல்லின் பெயரல்ல. ஆயிரக்கணக்கான சேர்வைகளைக் கொண்ட ஒரு குலத்தின் பெயர்.

அந்த வீட்டில் ஈயம் குடியேறியது எப்பொழுது? 1893 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக இரசாயனவியலாளர் ஹொரஸ் வெல்ஸ், சீசியம் என்ற மூலகத்தையும் ஈயத்தையும் குளோரின், புரோமின், அயடின் ஆகியவற்றோடு சேர்த்து இரட்டை உப்புகள் பலவற்றை ஆக்கினார். அவற்றின் உள்ளமைப்பு யூரல் மலைக் கல்லினது தான் என்பதை 65 ஆண்டுகள் கழித்து, 1958 இல், கொப்பன்ஹேகன் நகரில் கிறிஸ்டியன் மொல்லர் கண்டறிந்தார். ஒளி பட்டால் அவை மின்னைக் கடத்துகின்றன என்பதையும் அவரே குறித்து வைத்தார். 1978 இல் ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரைச் சேர்ந்த டீற்றர் வேபர், சீசியத்தின் இடத்தில் ஒரு சிறு சேதன அயனை வைத்து, ஈயத்தைக் கொண்டும் வெள்ளீயத்தைக் கொண்டும் இருவகைப் பளிங்குகளை ஆக்கினார். ஈயப் பிள்ளையும் ஈயமில்லாப் பிள்ளையும் ஒரே ஆண்டில், ஒரே கையால் பிறந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். தொண்ணூறுகளில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் டேவிட் மிற்ஸி இவற்றை மின்னணுவியலுக்குக் கொண்டுவந்தபோது அவர் பெரிதும் கையாண்டதும் வெள்ளீயத்தையே. அப்படியிருந்தும் பந்தயத்தில் முந்தியது ஈயம்.

காரணம் எளிமையானது: ஈயம் நன்றாக வேலை செய்தது. 1994 இல் யப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் ஈய அயடைட்டுப் படை ஒன்றில் மின்னைச் செலுத்தி ஒளி பெற்றார்கள். ஆனால் அதைத் திரவ நைதரசனின் கடுங்குளிரில் வைக்க வேண்டியிருந்தது. 2009 இல் மியாசகாவின் குழு ஈயப் பெரொவ்ஸ்கைற்றைக் கொண்டு சூரியக்கலம் அமைத்தது. அதன் திறன் 3.8 சதவீதம் மாத்திரமே என்றாலும், பின்வந்த சில ஆண்டுகளில் உலகெங்கும் ஆய்வுகூடங்கள் அதன் மீது பாய்ந்தன. 2014 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக அறை வெப்பநிலையில் ஒளிரும் ஈயப் பெரொவ்ஸ்கைற்று ஒளிகாலும் இருவாயிகள் (நாம் கடையில் எல்.ஈ.டி. என்று கேட்டு வாங்குவதன் தமிழ்ப் பெயர் அதுதான்) செய்யப்பட்டன. பச்சை நிறத்தில் அவற்றின் திறன் 0.1 சதவீதம். நான்கே ஆண்டுகளில், 2018 இல், அது 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சாதாரண குறைகடத்திகள் இந்தத் தூரத்தைக் கடக்கப் பல தசாப்தங்கள் எடுத்தன.

ஈயத்தின் இரகசியம் அதன் பொறுமையில் இருக்கின்றது. ஏனைய குறைகடத்திப் பளிங்குகளில் ஓர் அணு இடம் தவறினாலும் அந்தக் குழியில் இலத்திரன் விழுந்து, ஒளியாக வேண்டிய சக்தி வெப்பமாக வீணாகிவிடும். ஆகவே பெரும் செலவில், மிகுந்த தூய்மையோடு அவற்றை வளர்க்க வேண்டும். ஈய ஏலைட்டுகள் அப்படியல்ல. குறைகள் இருந்தாலும் அவை ஒளிர்கின்றன. ஒரு கரைசலில் கலந்து, கண்ணாடியில் பூசி, மிதமாகச் சூடேற்றினாற் போதும். இத்தகைய பொருளொன்று கைக்குக் கிடைத்த பின் அதைக் கைவிடுமாறு ஆய்வாளரிடம் சொல்வது எளிதன்று.

ஆனால் ஈயம் ஈயம்தான். என் தலைமுறைப் பத்திரிகையாளர்கள் அதனோடு கூடி வாழ்ந்தவர்கள். அச்சுக்கூடத்து எழுத்துகள் யாவும் ஈயத்தோடு அன்ரிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்க்கப்பட்டவை. லைனோ இயந்திரத்தின் பக்கத்தில் உலோகம் உருகிய நிலையில் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும். அச்சுக்கோப்பாளர்களின் விரல் நுனிகள் கறுத்திருக்கும். அந்த விரல்களாலேயே அவர்கள் வடையைப் பிய்த்துத் தின்றதைப் பார்த்திருக்கின்றேன். ஈயம் உடலில் கல்சியம் போல நடித்து எலும்பில் தங்குகின்றது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கின்றது. இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1921 இல் அமெரிக்காவில் பெற்றோலுக்கு ஈயம் சேர்க்கக் கண்டுபிடித்தார்கள். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது 2002 இல். உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா நிறுத்தியது 2021 இல். ஒரு பிழையைத் திருத்த மனித குலம் எடுத்துக்கொண்ட காலம் சரியாக நூறு ஆண்டுகள்.

வெளிச்சத்தின் வரலாறும் இதைவிடச் சிறப்பானதல்ல. 1891 இல் ஒஸ்திரிய இரசாயனவியலாளர் அவுவர் வொன் வெல்ஸ்பாக், வாயுவிளக்கின் சுடரில் வெண்மையாக ஒளிரும் வலையைச் செம்மைப்படுத்தினார். எங்கள் ஊர்களில் கலியாண வீடுகளிலும் கோவில் திருவிழாக்களிலும் எரிந்த 'பெற்றோமக்ஸ்' விளக்கின் வலை இதன் வழிவந்ததே. அதில் நூற்றுக்கு 99 பங்கு தோரியம் ஒட்சைட்டு, ஒரு பங்கு சீரியம் ஒட்சைட்டு. தோரியத்துக்கான தேட்டம் உலகெங்கும் கிளம்பிய அந்நாளில், இலங்கைக் கனிமவள ஆய்வுப் பகுதியின் முதல் தலைவராக இருந்த ஆனந்த குமாரசுவாமி, சப்பிரகமுவப் பகுதியில் கரிய கனசதுரப் பளிங்குகளைக் கண்டெடுத்தார். கலை வரலாற்று அறிஞராக உலகம் போற்றும் அதே குமாரசுவாமி தான். இலண்டனுக்கு அனுப்பப்பட்ட அக்கனிமம் 1904 இல் 'தோரியனைற்று' எனப் பெயர் பெற்றது. மறு ஆண்டு ஒற்றோ ஹான் என்ற இளம் ஜேர்மானியர் இலண்டனில் இதே இலங்கைக் கனிமத்திலிருந்து பெற்ற உப்பில் 'கதிர்த்தோரியம்' என்ற புதிய கதிரியக்கப் பொருளைக் கண்டார். பிற்காலத்தில் அணுப்பிளவைக் கண்டறிந்தவர் அவரே. திருவிழா விளக்கின் வலை கதிரியக்கம் உடையது என்பதை அதைக் கையால் கட்டிக் கொளுத்தியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கடிகார முகப்புகள் இருளில் ஒளிர வேண்டுமென்று ரேடியம் கலந்த சாயத்தைத் தூரிகையால் பூசி, அத்தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கிய அமெரிக்க இளம் பெண்களின் கதையைப் பலர் அறிவர். அதனைவிடக் குறைவாகப் பேசப்படுவது குழல் விளக்கின் கதை. ஈயமில்லாப் பளிங்கைத் தேடுவோரின் பிடிவாதத்தை விளங்கிக்கொள்ள அது மிகவும் உதவும்.

புளோரொளிர் குழல் விளக்கு, அதாவது நாம் 'ரியூப் லைற்' என்பது, அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1938 இல். குழலினுள் இருக்கும் இரச ஆவி மின்னால் கிளறப்பட்டுக் கழியூதாக் கதிரை வீசும். கண்ணாடியின் உட்புறத்தில் பூசப்பட்ட தூள் அதனை வாங்கி வெண்ணிற ஒளியாக மாற்றும். தத்துவத்தில் வூஹான் தூள் செய்வதும் இதுவே. அன்றைய தூளில் நாகமும் சிலிக்காவும் பெரிலியமும் இருந்தன. யுத்த காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் இரவு பகலாக இயங்கியதால் குழல் விளக்குக்குக் கிராக்கி பெருகியது. மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் சேலம் நகரில் குழல் விளக்குகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் பெண்கள் மூச்சு வாங்க முடியாமல், எடை குறைந்து, வைத்தியரிடம் வரத் தொடங்கினார்கள். காரணம் தெரியாத வேறொரு நோயின் பெயரைச் சொல்லி, அவ்வூரின் பெயரையும் அதனோடு ஒட்டி அழைத்தார்கள். 1943 இல் வெளியான அமெரிக்க அரசாங்கத்தின் பொதுச் சுகாதார அறிக்கையொன்று, பெரிலியம் தன்னளவில் நச்சுத்தன்மை உடையதல்ல என்று முடிவு கூறியிருந்தது.

மாநிலத்தின் தொழில்சார் சுகாதாரப் பிரிவில் பணியாற்றிய ஹரியற் ஹார்டி என்ற பெண் வைத்தியர் அந்த அறிக்கையோடு திருப்தி அடையவில்லை. நோயாளிகளின் வேலை வரலாற்றை ஒவ்வொருவராக விசாரித்தார். வேலையை விட்டு விலகிச் சென்ற பின்னரே சிலருக்கு நோய் வெளிப்பட்டிருந்தது. ஆதலால் தான் தொழிற்சாலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு கண்ணுக்குப் படவில்லை. 1946 இல் ஹார்டியும் ரபர்ஷோ என்பவரும் 17 நோயாளர் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். 1949 நடுப்பகுதியில் அமெரிக்க விளக்கு உற்பத்தியாளர்கள் பெரிலியத் தூளைக் கைவிட்டார்கள். உடைந்த பழைய குழல்களால் கை கிழிபட்டவர்களுக்கு ஆறாத கட்டிகள் தோன்றியதையும் வைத்தியர்கள் பதிந்திருக்கின்றார்கள்.

இதில் என்னைக் கலங்க வைக்கும் விடயம் ஒன்றுண்டு. பெரிலியத்துக்கு மாற்று ஏற்கெனவே இருந்தது. 1942 இல் இங்கிலாந்தில் மக்கீக், ரான்பி என்ற இருவர் கல்சியம் ஏலோபொசுபேற்றுத் தூளைக் கண்டுபிடித்திருந்தார்கள். விலை மலிந்தது; ஒளி கூடியது; நுரையீரலை அரிக்காதது. பின்னர் உலகம் முழுவதும் குழல் விளக்குகளில் பூசப்பட்டது அதுதான். மாற்று கைவசம் இருந்த ஏழு ஆண்டுகளிலும் பழைய தூளைச் சுவாசித்தவர்கள் இருந்தார்கள். நோயாளிகள் வந்து நின்ற பின்னரே நஞ்சு அகற்றப்பட்டது. குழலில் எஞ்சிய இரசத்துக்கோ இன்னும் நீண்ட ஆயுள். 2013 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மினமாற்றா உடன்படிக்கையின் கீழ், குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 உடன் முடிவுக்குக் கொண்டுவர நாடுகள் 2023 இல் தான் இணங்கின.

பெரொவ்ஸ்கைற்று ஆய்வாளர்கள் 'ஈயம் வேண்டாம்' என்று தொடங்கிய வேளையில் அவர்களுடைய விளக்கு எந்த வீட்டையும் எட்டியிருக்கவில்லை. விளக்கின் வரலாற்றில் இது வழமைக்கு மாறானது. நோயாளி வருமுன் நஞ்சைப் பற்றிய விவாதம் வந்துவிட்டது. ஒரு பகுதிக் காரணம் சட்டம். 2006 யூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் மின்சாதனங்களின் ஒவ்வொரு பாகத்திலும் ஈயம் நிறையில் 0.1 சதவீதத்தை மிஞ்சக்கூடாது. ஈயப் பெரொவ்ஸ்கைற்றிலோ நிறையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈயம். சூரியப் பலகைகளுக்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு, விளக்குகளுக்கு இல்லை.

ஈயத்தின் பக்கம் நிற்போருக்கும் வாதம் உண்டு. படை மயிரிழையிலும் பன்மடங்கு மெல்லியது. சூரியப் பலகையில் கூட ஒரு சதுர மீற்றருக்கு ஒரு கிராமுக்கும் குறைவான ஈயமே. மண்ணில் இதைவிட அதிக ஈயம் ஏற்கெனவே கிடக்கின்றது என்பார்கள். 2020 இல் வெளியான ஆய்வொன்று இதற்குப் பதிலளித்தது. பெரொவ்ஸ்கைற்று கலந்த மண்ணில் புதினாச் செடிகளை வளர்த்துப் பார்த்தார்கள். மண்ணில் ஏற்கெனவே படிந்துள்ள ஏனைய ஈய மாசுகளைவிடப் பத்து மடங்கு எளிதாக இந்த ஈயம் செடிக்குள் ஏறியது. நீரில் கரையும் உப்பாக அது இருப்பதே காரணம். எடையை மாத்திரம் பார்த்துச் சமாதானம் அடைய முடியாது என்பதே இதன் பொருள்.

ஈயத்தை வெளியேற்றினால் அவ்விடத்தில் யாரை அமர்த்துவது? முதலில் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது வெள்ளீயம். ஆவர்த்தன அட்டவணையில் ஈயத்துக்கு நேர் மேலே இருப்பது. தமிழ் இவ்விரண்டையும் ஒரே குடும்பமாகவே கண்டது: ஒன்று காரீயம், மற்றது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகின்றோம் என்று தெருவில் கூவி வந்தவர்கள் பூசியது இந்த வெள்ளீயத்தையே. ஆனால் பாத்திரத்தில் நல்ல பிள்ளையாக இருக்கும் வெள்ளீயம் பளிங்கில் அப்படியில்லை. காற்றுப் பட்டவுடன் மேலும் இரு இலத்திரன்களை இழந்து வேறு நிலைக்குத் தாவுகின்றது. பளிங்கு குலைந்து விடுகின்றது. அத்துடன் அது நன்றாகத் தரும் ஒளி சிவப்பும் அதற்கப்பாலுள்ள, கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிருமே. 2016 இல் பெல்ஜியத்தின் ஹசெல்ற் பல்கலைக்கழகத்தினர் சீப்ரா மீன்களின் முட்டைக் கருக்களில் இரண்டையும் சோதித்தபோது மற்றோர் அதிர்ச்சி காத்திருந்தது. வெள்ளீய அயடைட்டு நீரை அமிலமாக்கி, ஈய அயடைட்டைவிடக் கூடுதலான கருக்களைக் கொன்றது. 'ஈயம் இல்லாதது' என்ற பெயர்ப்பலகை 'தீங்கு இல்லாதது' என்பதற்குச் சமமல்ல என்று ஆய்வாளர்களுக்கு மீன் குஞ்சுகள் உணர்த்தின.

இரண்டாவது வழியில் ஒரு கணக்கு இருந்தது. ஈய அயனின் மின்னேற்றம் இரண்டு. பக்கத்துப் பக்கத்துக் கூடுகளில் இருக்கும் இரண்டு ஈய அயன்களையும் எடுத்துவிட்டு, ஒன்றில் மின்னேற்றம் ஒன்றுடைய வெள்ளியையும் மற்றதில் மின்னேற்றம் மூன்றுடைய பிசுமதுவையும் வைத்தால் கூட்டுத்தொகை மாறாது. 'இரட்டைப் பெரொவ்ஸ்கைற்று' என்பது இதுதான். பிசுமது அட்டவணையில் ஈயத்துக்கு அடுத்த வீட்டுக்காரன். ஆனால் வயிற்று மருந்தாகக் கொடுக்கப்படும் அளவுக்குச் சாதுவானது. 2016 இல் சீசியம், வெள்ளி, பிசுமது, புரோமின் கொண்ட இத்தகைய பளிங்கை வெளியிட்ட குழுக்களுள் ஒன்று அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை ஹேமமாலா கருணதாசவினது. கொழும்பில் வளர்ந்து, பின்னர் அமெரிக்கா சென்று பிரின்ஸ்ரன், பேர்க்லி பல்கலைக்கழகங்களில் பயின்றவர் அவர். கிரிக்கெற் வீரர் ஒருவர் அரைச் சதம் அடித்தால் படத்துடன் செய்தி போடும் நமது பத்திரிகைகள் இத்தகையவர்களுக்கு ஒதுக்கும் இடத்தின் அளவைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் கட்டுரை வேறு திசையில் போய்விடும்.

கருணதாசவின் குழு அதற்கு முன்னரே, 2014 இல், விளக்குக்கு மிக நெருங்கிய வேறொன்றைக் கண்டிருந்தது. ஈயப் பெரொவ்ஸ்கைற்றுகள் வழமையாக உமிழ்வது ஒடுங்கிய, தூய ஒரே நிறத்தை. தொலைக்காட்சித் திரைக்கு அது வரப்பிரசாதம். வீட்டு விளக்குக்கு அல்ல. விளக்குக்கு வேண்டியது சூரிய ஒளி போல எல்லா நிறங்களும் பரந்து கலந்த ஒளி. இன்றைய வெண்ணிற எல்.ஈ.டி.யில் நீல ஒளிச் சில்லின் மீது சீரியம் கலந்த மஞ்சள் தூளைப் பூசி அந்தக் கலவையைப் போலியாக உண்டாக்குகின்றார்கள். படைபடையாக அமைந்த சில ஈயப் பெரொவ்ஸ்கைற்றுகளோ தனியொரு பொருளாகவே வெண்ணிறத்தை உமிழ்ந்தன. முதலாவதின் திறன் ஒரு சதவீதத்தைத் தானும் எட்டவில்லை. அதே ஆண்டில் இன்னொன்று 9 சதவீதத்தைத் தொட்டது.

இது எவ்வாறு நிகழ்கின்றது? ஒளியோ மின்னோ பளிங்கைத் தாக்கும்போது ஓர் இலத்திரன் கிளர்ந்தெழும். அது விட்டுச் சென்ற வெற்றிடத்தோடு ஒரு சோடியாக நிற்கும். கடினமான பளிங்கில் அந்தச் சோடி தாராளமாக உலாவி, ஒரே சக்தியுள்ள ஒளியை உமிழ்ந்து மறையும். மென்மையான பளிங்கிலோ ஈரக் கடற்கரை மணலில் நடப்பவனின் கால் போல அது தன் பாரத்தாலேயே சுற்றியுள்ள அணுக்களை விலக்கிப் பள்ளம் பறித்து, அதில் தானே அகப்பட்டுக்கொள்கின்றது. பள்ளம் இருக்கும் இடத்தின் அணுக்கள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருப்பதால், அங்கிருந்து எழும் ஒளியின் சக்தியும் ஒன்றாக இராமல் அகலப் பரந்து, நீலம் முதல் சிவப்பு வரை தழுவுகின்றது. நம் கண்ணுக்கு அது வெண்மை.

இனி வூஹானுக்குத் திரும்புவோம். வெள்ளியும் பிசுமதுவும் சேர்ந்த முதற் பளிங்கு வெளிச்சம் தருவதில் சோம்பேறி. 2017 இல் ஒக்ஸ்போர்ட் குழுவினர் பிசுமதுவின் இடத்தில் இந்தியத்தையும் புரோமினின் இடத்தில் குளோரினையும் வைத்தார்கள். (இந்தியம் என்ற மூலகத்துக்கும் இந்தியாவுக்கும் நேரடி உறவில்லை. அதன் நிறமாலையில் தோன்றிய அவுரி நீலக் கோட்டால் 1863 இல் வந்த பெயர் அது.) அதிலும் ஒளி மங்கலாகவே இருந்தது. மேற்சொன்ன பள்ளம் அங்கே உண்டு. ஆனால் பளிங்கின் சமச்சீர் அதிலிருந்து ஒளி வெளியேறுவதைத் தடை செய்தது. ஜியாங் தாங் குழுவினர் செய்தது வெள்ளி அயன்கள் நூற்றில் 40 ஐ எடுத்துவிட்டு அங்கே சோடியத்தை வைத்தமை. கறியுப்பில் உள்ள அதே சோடியம். சமச்சீர் குலைந்தது, தடை நீங்கியது. கூடவே 0.04 சதவீதம் பிசுமது தூவினார்கள். ஒளி பழையதைப் போல ஆயிரம் மடங்கு பெருகியது. ஈயம் இல்லை, இரசம் இல்லை, கதிரியக்கம் இல்லை.

அந்தத் தூளைச் செய்யும் முறையும் எளிது. சீரியம் கலந்த மஞ்சள் தூளுக்கு 1,500 பாகை செல்சியஸ் அளவிலான உலை வேண்டும். இதை அமிலக் கரைசலில், மிகக் குறைந்த வெப்பத்தில் படிய வைக்கலாம்.

ஆயினும் கடைக்குச் சென்று ஈயமில்லாப் பெரொவ்ஸ்கைற்று விளக்கொன்று தாருங்கள் என்று கேட்கும் நிலை இன்னும் வரவில்லை. மின்னை நேரடியாகச் செலுத்தினால் இந்தத் தூள் சோர்ந்த ஒளியையே தருகின்றது. கழியூதா ஒளி உமிழும் சில்லு ஒன்றின் மேல் பூசினால் தான் பிரகாசிக்கின்றது. அத்தகைய சில்லில் கணிசமான சக்தி விரயமாகின்றது. இந்தியமும் மலிவான பொருளல்ல. நாகத் தாதுவிலிருந்து உபரியாகக் கிடைக்கும் அதைக் கைத்தொலைபேசித் திரைகள் ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருக்கின்றன. மறுபுறம் ஈயப் பெரொவ்ஸ்கைற்று ஆண்டுக்காண்டு முன்னேறுகின்றது. சட்டங்களுக்கும் கதவுகள் உண்டு என்பதை மறக்கலாகாது. நச்சு உலோகமான கட்மியம் கலந்த நுண்ணிய ஒளிர்துணிக்கைகளைத் திரைகளில் பயன்படுத்த இதே ஐரோப்பிய சட்டம் விலக்களித்திருந்தது. அந்த விலக்கை நீடிக்கும் யோசனையை 2015 மே மாதத்தில் ஐரோப்பிய நாடாளுமன்றம் வாக்கெடுப்பில் நிராகரிக்க வேண்டியிருந்தது. ஈயத்துக்கும் அத்தகைய விலக்கு ஒரு நாள் கேட்கப்படும் என்றே நான் நினைக்கின்றேன். விலக்குக் கேட்போரிடம், மாற்று இல்லை என்று சொல்ல முடியாதவாறு ஒரு மாற்று இருக்குமா என்பதே கேள்வி.

அந்த மாற்று இரட்டைப் பெரொவ்ஸ்கைற்றாக இல்லாமலும் போகலாம். வூஹான் கட்டுரை வெளிவந்த அதே 2018 இல், தோக்கியோவில் ஹிடியோ ஹொசோனோவின் குழு சீசியம், செம்பு, அயடின் ஆகிய மூன்றை மாத்திரம் கொண்டு நீல ஒளி உமிழும் பளிங்கொன்றை வெளியிட்டது. திறன் 90 சதவீதம் அளவில். அதே மூன்று மூலகங்களும் வேறு விகிதத்தில் சேர்ந்தால் மஞ்சள் ஒளி தருகின்றன. இரண்டையும் கலந்தால் வெண்மை. செம்பு நம் வீட்டுக் குடத்திலும் மின்கம்பியிலும் உள்ள உலோகம். இவற்றில் அந்த எண்முகக் கூடுகள் இல்லை; செம்பும் அயடினும் வேறு விதமாகக் கூடி நிற்கின்றன. கண்டிப்பாகச் சொன்னால் குஸ்தாவ் றோஸ் பெயர் வைத்த கல்லின் வீடு அங்கே கிடையாது. இருந்தும் ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் இவை ஈயமில்லாப் பெரொவ்ஸ்கைற்றுகளோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன.